தலைசுற்றல்: இல்லை

ஆராய்ச்சிப் பிரிவின் காத்திருப்பு அறையில், காலை எட்டேகால் மணிக்கு, சுவரோரமாக ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து, தராசு இன்ஸ்பெக்டர் இருபத்தெட்டு நாளைய உண்மையை இருபது நிமிடத்தில் எழுதிக்கொண்டிருந்தார். மடியில் மருத்துவமனை கொடுத்த நாட்குறிப்பு. கையில் மூன்று பேனா. முதல் இரண்டு நாளுக்கு நீலம், மூன்றாம் நாளுக்குக் கறுப்பு, நாலாம் நாளுக்கு மை தீரப்போகிற இன்னொரு நீலம்.

இன்ஸ்பெக்டர் என்றதும் காக்கிச்சட்டையை நினைத்துக்கொள்ள வேண்டாம். கடைகடையாக ஏறி எடைக்கற்களையும் தராசுகளையும் சோதிக்கும் வேலையில் இருபத்தொன்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், உள்ளே குடைந்த கல், அழுத்தும் கட்டைவிரல், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. பதிவேட்டை ஒருமுறை புரட்டிவிட்டு, "இது ஒரே மூச்சுல உக்காந்து எழுதினதுதானே?" என்று கேட்டு எத்தனையோ முதலாளிகளை வியர்க்க வைத்திருக்கிறார். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். பொய்க்கணக்கு அப்படித்தான் இருக்கும். அதனால்தான் இன்றைக்கு மூன்று பேனா. சர்க்கார் செலவில் கற்றுக்கொண்ட வித்தை வீண் போகவில்லை என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டு ஐந்தாம் நாளுக்குப் பேனாவை மாற்றினார்.

ஒவ்வொரு நாளுக்கும் நாலு கேள்வி. காலை மாத்திரை சாப்பிட்டீர்களா, மாலை மாத்திரை சாப்பிட்டீர்களா, கால் எரிச்சல் பத்துக்கு எத்தனை, தலைசுற்றலோ மயக்கமோ உண்டா. இன்ஸ்பெக்டர் ஆம், ஆம், ஒன்று, இல்லை என்று போட்டார். அடுத்த நாளுக்கு ஆம், ஆம், இரண்டு, இல்லை. எரிச்சலை அங்கங்கே ஒன்று, இரண்டு, ஒன்று என்று கலைத்துப் போட்டதில் ஒரு நேர்த்தி இருந்தது. தலைசுற்றலுக்கு மட்டும் நேர்த்தியெல்லாம் தேவைப்படவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே இல்லை.

அவருக்குச் சர்க்கரை வந்து பதினான்கு வருடம். கால் எரிச்சல் வந்து ஆறு வருடம். பகலில் நடமாடிக்கொண்டிருந்தால் மறந்துபோகும். படுத்தால் போதும், பாதத்துக்கு அடியில் யாரோ அடுப்பு மூட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். போர்வை பட்டாலும் எரியும், படாவிட்டால் குளிரும். கட்டிலுக்குக் கீழே ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, அதில் காலை விட்டபடி உட்கார்ந்தே கண்ணயர்வார். இரண்டு முறை வாளியைத் தட்டிவிட்டு அறையைக் குளமாக்கியிருக்கிறார். அவர் மனைவி ஒரு வார்த்தை சொல்லாமல் துடைப்பாள். அவள் திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அப்போதுதான் இந்த ஆராய்ச்சி வந்தது. சேதப்பட்ட நரம்பின் எரிச்சலை மூளைக்குப் போகும் வழியிலேயே மட்டுப்படுத்தும் புதிய மாத்திரையாம். இந்த மருத்துவமனையில் மட்டும் அறுபது பேர். பாதிப்பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப்பேருக்கு அதே நிறத்தில், அதே உருவத்தில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. ஒப்புதல் படிவம் இருபத்திரண்டு பக்கம். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தைத் தேடிக் கையெழுத்துப் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் முழுவதையும் படித்து இரண்டு அச்சுப்பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் போட்டார். பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பக்கவிளைவு தெரிந்தால் மருந்தை நிறுத்த டாக்டருக்கு உரிமை உண்டு. அதில் அச்சுப்பிழை இல்லை.

முதல் வாரத்திலேயே தனக்கு விழுந்தது நிஜ மாத்திரைதான் என்று முடிவு கட்டிவிட்டார். இரண்டாம் வாரம் வாளி கொல்லைப்பக்கம் போனது. மூன்றாம் வாரம் ஒருநாள் விடிந்து கண்விழித்தபோது, போர்வை கால்வரை இழுத்துப் போர்த்தியிருந்தது. தூக்கத்தில் அவரே போர்த்திக்கொண்டிருக்கிறார். கொஞ்சநேரம் அசையாமல் படுத்துக்கொண்டு அந்தப் போர்வையையே பார்த்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

நாலாம் வாரம் தலைசுற்றல் வந்தது. அது வந்தே இப்போது மூன்று மாதம். நாற்காலியிலிருந்து எழுந்தால் அறை ஒருபக்கமாகச் சாயும். சுவரைப் பிடித்துக்கொண்டு, எதையோ யோசிப்பதுபோல் பாவனை செய்வார். ஒருநாள் குளியலறையில் கால் தள்ளாடி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். மனைவி ஓடிவந்தபோது, "சோப்புல வழுக்கிடுச்சு" என்றார். அவள் தலையாட்டிவிட்டு மருந்து போட்டுவிட்டாள். நம்பிவிட்டாள் என்று இவருக்கு நிம்மதி.

அதன்பின் தலை கிறுகிறுக்கிற நாட்களில் மாலை மாத்திரையை விட்டுவிடுவார். ஆனால் மிஞ்சுகிற மாத்திரை? மாதம் ஒருமுறை பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், சிஸ்டர் எண்ணிப் பார்ப்பார். போன முறை வந்த நாள் மாலையிலிருந்து இன்று காலைவரை, அறுபது மாத்திரையில் ஐம்பத்தாறு போக நாலு மிஞ்சவேண்டும். இவருடைய பாட்டிலில் பதினைந்து இருந்தது. இன்று காலை கிளம்புமுன் பதினொரு மாத்திரையைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டார். இரண்டு மாத்திரை மட்டும் சுற்றிச் சுற்றி மேலே வந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றன. மூன்று தடவை தண்ணீர் விடவேண்டியிருந்தது. ஒரு கடைக்காரன் இப்படிக் கையிருப்பைச் சரிக்கட்டியிருந்தால் இவர் கடைக்கே சீல் வைத்திருப்பார்.

இருபத்தெட்டையும் முடித்து மூடி வைத்தபோது கண்டக்டர் உள்ளே வந்தார். இவரும் அதே ஆராய்ச்சியில் இருப்பவர். மாதாமாதம் இருவருக்கும் ஒரே நாள்தான் முறை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். பஸ்ஸில் நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கிற மனிதர். இன்றைக்கு அவர் நெற்றியில் தையல் போட்ட கட்டு. இடது கை தூக்குத் துணியில் தொங்கியது.

"என்னாச்சுங்க?" இன்ஸ்பெக்டர் பதறி எழுந்தார். எழுந்த வேகத்தில் அவருக்கும் அறை லேசாகச் சாய்ந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பஸ்ல விழுந்துட்டேன் சார். திடீர்னு கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அடுத்தது படியில கெடக்கேன். நல்லவேளை, ஸ்டாப்புல நின்னுட்டிருந்துச்சு. ஓடிட்டிருந்தா ரோட்டுலதான்." கண்டக்டர் வலிக்காத கையால் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "போன வாரமே இங்க வந்து சொல்லிட்டேன். மாத்திரையா இருக்குமோன்னு டாக்டரம்மா எல்லாரோட நோட்டையும் எடுத்துப் பாத்தாங்களாம். அறுபது பேர்ல ஒருத்தருக்குக்கூட தலைசுத்தல் இல்லையாம் சார். அப்ப எனக்குத்தான் ஏதோ கோளாறு. நேரத்துக்குச் சாப்பிடாம சர்க்கரை எறங்கியிருக்கும்னு நெனைக்கிறாங்க. மாத்திரையைத் தொடரலாம்னு சொல்லிட்டாங்க. திங்கக்கெழமை டூட்டி."

"திங்கக்கிழமையேவா?"

"ஆமா சார். உள்ளுக்குள்ள கொஞ்சம் பயந்தேன். ஆனா நீங்களும் இதே மாத்திரையைச் சாப்பிட்டுக் கல்லு மாதிரி இருக்கீங்களே. அதை நெனைச்சுத்தான் தைரியம் வந்துச்சு."

கல் மாதிரி இருந்தவர் நாற்காலியின் முதுகை விடவில்லை. திங்கட்கிழமை இந்த மனிதர் ஓடுகிற பஸ்ஸின் படியில் நிற்கப்போகிறார். தலைசுற்றல் யாருக்கும் இல்லை என்று காகிதம் சொல்லுகிறது. அந்தக் காகிதத்தில் எழுதியவர் யார் என்று இன்ஸ்பெக்டருக்கு நன்றாகத் தெரியும். சொல்லலாம். சொன்னால் மாத்திரை போகும், வாளி திரும்பிவரும். மிச்சம் ஐம்பத்தெட்டு பேர் இருக்கிறார்களே, அவர்கள் எல்லோரும் உண்மைதானே எழுதியிருப்பார்கள், தன் ஒருவன் நோட்டு எந்த மூலைக்கு என்று ஒரு சமாதானம் உடனே கைக்கு வந்தது. அவர் சீல் வைத்த ஒவ்வொரு கடைக்காரனும் அச்சுப் பிசகாமல் இதையேதான் சொல்லியிருக்கிறான். ஊரெல்லாம் சரியாத்தான் சார் போடுது, நான் ஒருத்தன் கொறைச்சுப் போட்டாத்தான் கெட்டுடுமா?

சிஸ்டர் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் பாட்டிலோடும் நோட்டோடும் உள்ளே போனார்.

மாத்திரையை நீலத் தட்டில் கொட்டிச் சின்னத் தகட்டால் ஒதுக்கி எண்ணினார் சிஸ்டர். "நாலு. எப்பவும்போல கரெக்ட். உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது சார். புதுசா சேர்றவங்ககிட்டெல்லாம் உங்க நோட்டைத்தான் காட்டுறேன்."

"என் நோட்டையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பேரை மறைச்சுட்டுத்தான் சார். இப்படி ஒருநாள் விடாம எழுதணும்னு சொல்றதுக்கு." நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவர் கடைசிப் பக்கத்தில் நின்றார். புருவம் மேலே போனது. "சார், இன்னைக்குச் சாயங்கால மாத்திரை சாப்பிட்டுட்டதா போட்டிருக்கீங்களே?"

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். உண்மைதான். கை வந்த வேகத்தில் இன்றைய கட்டம் நாலையும் நிரப்பித் தள்ளியிருந்தார். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. மூன்று பேனா கொண்டுவந்த மகா புத்திசாலிக்குச் சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. திருதிருவென்று விழித்தார்.

சிஸ்டரே அவரைக் காப்பாற்றினார். "கோடு மாறி எழுதிட்டீங்க போல. பரவாயில்ல, அடிச்சுட்டுப் பக்கத்துல ஒரு கையெழுத்து போடுங்க, போதும்." பேனாவையும் நீட்டினார்.

அவ்வளவுதான். ஒரு கோடு, ஒரு கையெழுத்து, அடுத்த மாதத்துக்குப் புதுப் பாட்டில். இன்ஸ்பெக்டர் பேனாவை வாங்கிக் கட்டத்தின்மேல் வைத்தார். கை நகரவில்லை. சிஸ்டருடைய முகத்தில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் இத்தனை வருடத்தில் ஒரு கடைக்காரனைக்கூட இப்படி நம்பியதில்லை.

"சிஸ்டர், கோடு மாறலை. எல்லாத்தையும் இன்னைக்குத்தான் எழுதினேன்."

"எதை சார்?"

"இருபத்தெட்டு நாளையும். வெளிய உக்காந்து. மூணு பேனாவுல." ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. வேலையில் இருந்தபோது பறிமுதல் அறிக்கையை எழுதிய வரிசையிலேயே தன்னைப் பற்றி ஒப்பித்தார். கழித்துக்கட்டிய மாத்திரை பதினொன்று. கழித்த இடம் கழிப்பறை. தலைசுற்றல் ஆரம்பித்து மூன்று மாதம். விழுந்தது ஒருமுறை. சாட்சி யாரும் இல்லை.

சிஸ்டர் எழுந்து போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். நல்ல டோஸ் விழும் என்று இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். கோபமே இல்லை. "சொன்னதுக்கு நன்றிங்க. என்னைக்கு என்னைக்குத் தலை சுத்துச்சு, தேதி தெரிஞ்சா ரொம்ப உதவியா இருக்கும்."

தேதியா? அவருக்கு எங்கே தெரியும். நோட்டில் இருப்பதெல்லாம் கட்டுக்கதை. நிஜத்தை எங்கும் எழுதிவைக்கவில்லை. "வீட்டுல கேட்டுப் பாக்கவா?" என்றார் டாக்டரம்மா. "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, நான் சொல்லவேயில்லை" என்றார் இவர். இருந்தாலும் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து விஷயத்தைச் சொன்னார்கள்.

மறுமுனையில் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஒரு நிமிஷம், காலண்டரை எடுத்துட்டு வர்றேன்" என்றாள் மனைவி.

அவள் தேதிகளை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தார். பால் கணக்குக்குப் பக்கத்திலேயே சின்னப் புள்ளி வைத்திருக்கிறாளாம். சுவரைப் பிடித்தால் ஒரு புள்ளி, உட்கார்ந்துவிட்டால் இரண்டு. மொத்தம் இருபத்திமூன்று நாள்.

"குளிக்கிற ரூம்ல விழுந்தது போன மாசம் ஒன்பதாம் தேதி. சோப்புல வழுக்கிடுச்சுன்னு சொன்னார். அன்னைக்கு வீட்டுல சோப்பே இல்லை டாக்டர். வாங்கலாம்னு நான் செருப்பை மாட்டிட்டு இருந்தேன், அப்பதான் சத்தம் கேட்டுச்சு."

சிஸ்டர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் திருட்டுத் தராசைப் பிடித்தவர் தன் வீட்டிலேயே மூன்று மாதமாகக் கண்காணிப்பில் இருந்திருக்கிறார். அசடு வழிய உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா நீங்க எங்களுக்குச் சொல்லலை?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"சொல்லியிருக்கணும். தப்புதான்." அவள் குரல் தழைந்தது. "ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் அவர் கால்மேல போர்வை போத்திக்கிட்டுத் தூங்குறாருங்க. அதைப் பாத்துட்டு எனக்கும் சொல்ல மனசு வரலை."

இன்ஸ்பெக்டர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதையாவது சொல்லி அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று பார்த்து, "வர்றப்ப சோப்பு வாங்கிட்டு வர்றேன்" என்றார்.

பதினேழாம் பக்கம் சொன்னதை டாக்டரம்மா செய்தார். கண்டக்டருக்கும் இவருக்கும் மாத்திரை உடனே நிறுத்தம். பாதுகாப்பைக் கவனிக்கிற குழுவுக்கு இன்றே தகவல். மற்ற ஐம்பத்தெட்டு பேரையும் சிஸ்டர் போனில் கூப்பிட்டு, அந்த நாலாவது கேள்வியை மட்டும் திரும்பக் கேட்கவேண்டும். அடுத்த அரைமணி நேரத்தில் முதல் ஏழு பேரிடம் பேசினார் சிஸ்டர். நாலு பேர், சும்மா கொஞ்சம் கிறுகிறுப்புதான் சிஸ்டர், மாத்திரையை நிறுத்திடாதீங்க என்று கெஞ்சினார்களாம். கால் குளிர்ந்த எவனுக்கும் வாய் திறக்க மனசு வரவில்லை. அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பிக்கலாம், ஆனால் குழு கூடிச் சொல்ல எத்தனை மாதமாகும் என்று தெரியாது. உண்மை எழுதாதவரைத் திரும்பச் சேர்ப்பார்களா என்பதும் தெரியாது. டாக்டரம்மா இதைப் பூசி மெழுகாமல் சொன்னார்.

வெளியே வந்து கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்ஸ்பெக்டர் அத்தனையையும் மறுபடி சொன்னார். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இல்லை. அந்த நெற்றிக் கட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லவேண்டியிருந்தது.

கண்டக்டர் தன் தூக்குத் துணியின் முடிச்சை இழுத்துச் சரிசெய்தார். "மூணு மாசமாவா சார்?"

"மூணு மாசமா."

"எனக்கும் மூணு மாசமாத்தான்." குரலில் கோபம் இருந்தது, ஆனால் அது யார்மேல் என்று அவருக்கே பிடிபடவில்லை போல. "விழறதுக்கு முன்னாடியே நாலஞ்சு தடவை சுத்துச்சு சார். எழுதணும்னுதான் நெனைச்சேன். நீங்க படிச்சவரு, இன்ஸ்பெக்டரா இருந்தவரு. நீங்க இல்லைன்னு போடுறீங்க, நாம உண்டுன்னு போட்டா நம்மளைத்தான் ஒத்துக்காத உடம்புன்னு கழிச்சுடுவாங்கன்னு..."

"நான் போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "பக்கத்துல உக்காந்து உங்க நோட்டைப் பாத்துத்தான் சார் எழுதுவேன். ஒவ்வொரு மாசமும். நீங்க ஒண்ணு போட்டா நான் ரெண்டு போடுவேன், சந்தேகம் வராம இருக்க. மத்ததெல்லாம் அப்படியே."

இன்ஸ்பெக்டருக்கு உட்கார்ந்த இடத்திலேயே தலை சுற்றியது. இதற்கு மாத்திரை காரணமில்லை. ஒரு பொய்த்தராசை வைத்து இன்னொரு பொய்த்தராசுக்கு முத்திரை குத்தியாயிற்று. இத்தனை நாள் அந்த ஆராய்ச்சியில் இரண்டு மனிதர்களின் கால்கள் பேசுவதாக டாக்டர்கள் நம்பினார்கள், ஆனால் பேசியது இவர் ஒருவருடைய ஆசைதான்.

அவரே எழுந்து போய் இதையும் சிஸ்டரிடம் சொன்னார். சிஸ்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. இரண்டு புதுப் படிவத்தைக் கொண்டுவந்தார். ஒருவரை ஜன்னலோரம், இன்னொருவரைக் கதவோரம், பரீட்சைக்கு உட்கார்த்துவதுபோல் உட்கார்த்திவிட்டு நடுவில் நின்றார். "இன்னைக்கு நிலவரத்தை மட்டும் எழுதுங்க. நிஜமா."

மாத்திரை: இன்றுமுதல் நிறுத்தம். தலைசுற்றல்: உண்டு. இன்ஸ்பெக்டர் ஒரே பேனாவால் எழுதிக்கொண்டே வந்து எரிச்சல் கேள்வியில் நின்றார். காலணியைக் கழற்றி, பாதத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். தரை சில்லென்று இருந்தது. எரிச்சல் இல்லவே இல்லை. இத்தனை நாள் எழுதியதில் இந்த ஒன்று மட்டும் பொய்யில்லை என்று தெரிந்தபோது துக்கம் பொங்கியது. மருந்து உடம்பில் இன்னும் இரண்டு நாளோ மூன்று நாளோ இருக்கும். அதுவரைக்கும் போர்வை இருக்கும்.

"சார்," என்று கதவோரத்திலிருந்து கண்டக்டர் மெல்லக் கூப்பிட்டார். "எரிச்சலுக்கு என்ன போட்டீங்க?"

இன்ஸ்பெக்டர் தன் படிவத்தைக் கையால் மூடிக்கொண்டார். "செருப்பைக் கழட்டிட்டு உங்க காலைக் கேளுங்க."